முகம் பார்க்காமல் கொடுத்த மருந்து

"உமக்கேன் பிள்ளை இந்த விடுப்பு விசாரணை? இலை வேணுமெண்டால் வேலிக்கரையில நிக்குது, பிடுங்கிக்கொண்டு போம். பக்குவம் வேணுமெண்டால் சொல்லித் தாறன். ஏன் விட்டனான், எப்ப விட்டனான், என்ன நடந்தது எண்டு கிண்டுறதுக்கு நீர் என்ன பொலிசோ?"

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணை நான் இப்படித்தான் வரவேற்றேன். நல்ல பெண். நாற்பது வயது இருக்கும். மூலிகைகளைக் காயவைத்துத் தூளாக்கி, பக்கற்றில் அடைத்துக் கடைகளுக்குப் போடுகிறாளாம். தூதுவளைத் தூள், முருங்கையிலைத் தூள், வல்லாரைத் தூள் என்று கைப்பையிலிருந்து எடுத்து என் மடியில் பரப்பினாள். அடுத்தது கீழ்காய்நெல்லியாம். கண் மஞ்சளாகிற செங்கமாரிக்கு நாரந்தனையில் ஒரு மனுசி கொடுக்கிற மருந்து கைகண்டது என்று யாரோ சொல்லி அவளை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். பக்கற்றில் என் படத்தையும் போடலாம் என்றாள்.

"என்ர படத்தைப் போட்டால் செங்கமாரிக்காரர் பயத்திலையே சுகப்பட்டிடுவினம். பிறகு உம்மட தூளை ஆர் வாங்கிறது?" என்றேன். "படம் வேண்டாம். கண் மஞ்சளானால் முதல் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ எண்டு பெரிய எழுத்தில போடும்."

"அப்பிடிப் போட்டால் விக்காது அம்மா" என்றாள். சிரித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டாள். "இப்ப ஏன் நீங்கள் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை?"

அவளுக்குப் பக்குவத்தை மட்டும் சொல்லி அனுப்பினேன். மற்றதை இங்கே சொல்கிறேன்.

கீழ்காய்நெல்லி ஒன்றும் பெரிய இரகசியம் இல்லை. மாரி மழை விழுந்து ஒரு கிழமைக்குள் எங்கள் வளவெல்லாம் முளைத்துவிடும். ஒரு சாண் உயரம், புளியிலை மாதிரிச் சின்ன இலை, இலைக்குக் கீழே கடுகு கோத்தது போலக் காய். ஆடுகூட அதைப் பெரிதாகச் சட்டை செய்யாது. உடம்புச் சூட்டுக்கு மோரில் அரைத்துக் குடிப்பார்கள். சிறுநீர் எரிகிற சலக்கடுப்புக்கு அவித்துக் குடிப்பார்கள். சொறிக்கு உப்பு வைத்து அரைத்துப் பூசுவார்கள். இப்போது வெளிநாட்டில் அது விழுங்குகிற குளிசையாகவும் வருகிறது. என் மச்சாளின் மகள் கனடாவிலிருந்து வந்திருந்தபோது ஒரு போத்தலைக் காட்டினாள். ஈரலுக்கு நல்லதாம். போத்தலில் அந்தச் செடியின் படம். நாங்கள் மூன்று பேரும் அந்தச் செடியை மிதித்துக்கொண்டு நின்றே அதைப் பார்த்தோம். மச்சாள் போத்தலை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, "பிளேனில போய் வந்த உடன உதுக்கு எவ்வளவு கொழுப்பு" என்றாள்.

மச்சாள் என்றால் இரண்டு பக்கத்தாலும் மச்சாள். என் அண்ணன் அவளை முடித்தார். அவளுடைய அண்ணன் என்னை முடித்தார். ஒரே நாள், ஒரே பந்தல், மாற்றுச் சம்பந்தம். ஆண்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் மிஞ்சினோம். மகள் கட்டிக்கொடுத்த மாபிள் வீடு அவளுக்கு இருந்தது. அதைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என் வீட்டில் வந்து படுப்பாள். "அங்க கதைக்க ஆளில்லை. இஞ்ச சண்டை பிடிக்கவாவது ஒருத்தி இருக்கிறாள்" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வாள். என் வீட்டில் இரண்டு அறை. நடுவில் சுவர் இல்லை, பனையோலை மறைப்பு. இரண்டுக்கும் வெளிவாசல் தனித்தனி. மறைப்புக்கு அங்கால் அவள், இங்கால் நான். ஒருத்தி திரும்பிப் படுத்தால் மற்றவளுக்குக் கேட்கும்.

மருந்து அவளுடைய தாயுடையது. மாமி அதைப் பெற்ற மகளுக்குச் சொல்லாமல் மருமகளான எனக்குச் சொல்லிவிட்டார். மகள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், மருந்து வளவை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவருடைய எண்ணம். மச்சாளுக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. "அம்மா உனக்குத் தந்தது மருந்தில்லையடி, புல்லு" என்பாள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால், பாடமாக்கக்கூடிய விசயத்தை மட்டும்தான் எனக்குத் தந்தாராம்.

மருந்தில் வேலை கொஞ்சம், விதிகள்தான் கூட. மூன்று விடியல், வெறும் வயிறு. அரைத்த இலையை ஆட்டுப்பாலில் கரைத்து ஒரு மூக்குப்பேணி. மூன்று நாளும் உப்பில்லை, புளியில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடலுக்குத் தங்கை. அதில் சோற்றை வடித்துவிட்டு உப்பில்லாப் பத்தியம் என்று சொல்ல எனக்கே சிரிப்பு வரும். இவற்றைவிட இன்னொன்று இருந்தது. மருந்து கொடுக்கிறவள் நோயாளியின் முகத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் மருந்து பலிக்காது, அந்த மஞ்சளும் கொடுத்தவளின் கண்ணுக்கு மாறிவிடும். மூன்றாம் நாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முழுகி வந்த பிறகுதான் முகத்தில் முழிக்கலாம்.

அதனால் வருகிறவர்கள் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு படலைக்குள் முதுகைக் காட்டி நிற்பார்கள். நானும் முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டிப் பேணியைக் கொடுப்பேன். தெருவால் போகிறவர்களுக்கு இரண்டு பேரும் கோபம் போட்ட மாதிரி இருக்கும். செங்கமாரிதானா என்று பார்ப்பது என் வேலையில்லை. அவர்களே சலத்தில் நாலு சோற்றுப் பருக்கையைப் போட்டு வைத்து, பருக்கை மஞ்சளானால் வருவார்கள். புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்துகூட வந்திருக்கிறார்கள். சுகப்பட்டவர்கள் பிறகு வாழைக்குலையோடு வந்து சிரிப்பார்கள். அப்போதுதான் அவர்கள் முகம் எனக்குத் தெரியும். சுகப்படாதவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை. அதை நான் அந்தக் காலத்தில் யோசிக்கவில்லை.

நான் மருந்தை விட்ட அந்த வருசத்து மாரியில் மழை அளவு மீறிப் பெய்தது. வயலுக்குள் முழங்கால் தண்ணீர். எங்களுக்கு ஒரு துண்டு வயல்தான். அதைக் குத்தகைக்கு விடுவோம் என்றால் மச்சாள் விடமாட்டாள். புல்லுப் பிடுங்குகிறேன் என்று செருப்பில்லாமல் இறங்கிவிடுவாள். அந்தக் கிழமை சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு பெண் வீடு வீடாக வந்து, வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் குளிசை கொடுத்தாள். எலியின் சலம் தண்ணீரில் கலந்து, கால் வெடிப்புக்குள்ளால் உடம்பில் ஏறுமாம். மச்சாள் குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எலியின்ர குளிசையை நீ குடிச்சால் எலி என்னத்தைக் குடிக்கும்?" என்றேன்.

வந்த பெண்ணும் சிரித்துவிட்டாள். மச்சாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துக் குளிசையை வெற்றிலைத் தட்டத்தின் மூலையில் வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் தொடங்கியது. மல்லித்தண்ணி அவித்துப் பனங்கட்டியோடு கொடுத்தேன். விட்டு விட்டுக் காய்ந்தது. நாலாம் நாள் காலை மறைப்புக்கு அங்காலிருந்து குரல் வந்தது.

"மச்சாள், சோத்தைப் போட்டுப் பாத்தனான்."

"என்னத்துக்குள்ள?"

"கறிக்குள்ளையோ போடுவன்? பருக்கை மஞ்சள். நல்ல மஞ்சள்."

"பொறு, வந்து பாக்கிறன்."

"வராதை. முகத்தைப் பாத்திடுவாய். நீ அங்காலையே நிண்டு இலையை அரை."

மறைப்பின் ஓரம் வரை போனவள் அப்படியே நின்றேன். அங்கே நின்றதுதான் பிழை. ஊரார் மருந்தைக் குடித்துவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே அவர்களைப் பார்க்கத் தாயோ பெண்சாதியோ இருப்பார்கள். பார்க்கக்கூடாது என்ற விதி எனக்கு மட்டும்தான், அவர்களுக்கில்லை. மச்சாளைப் பார்க்க இருந்த ஒரே ஆள் நான். இந்தச் சின்ன விசயம் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தோன்றாததோடு நிற்காமல், ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு விதியைக் காக்கிறோம் என்று பெருமை வேறு.

"மாமி இருந்திருந்தால் என்னை மெச்சியிருப்பா" என்றேன்.

"அம்மா உன்னை மெச்சினதாலதான் இவ்வளவு கரைச்சலும்" என்றாள்.

முதல் விடியல் பேணியை மறைப்பின் கீழால் தள்ளினேன். கை வந்து எடுத்தது.

"கசக்குது."

"மருந்து கசக்கிறேல்லை. உன்ர நாக்கு அப்பிடி. இவ்வளவு காலமும் அதாலை கதைச்ச கதையெல்லாம் அதில ஒட்டிக்கிடக்கு."

பேணி வெறுமையாகத் திரும்பி வந்தது. உப்பில்லாச் சோற்றையும் அவித்த பூசணித் துண்டையும் அதே வழியால் கொடுத்தேன். பாதிச் சோறு திரும்பி வந்தது. மத்தியானம் கெண்டைக்கால் உளைகிறது, எழும்ப ஏலாமல் இருக்கிறது என்றாள்.

"வெள்ளத்துக்குள்ள நிண்ட கால் உளையாமல் பாட்டுப் பாடுமோ?"

"கண்ணும் எரியுது."

"கண்ணை மூடு. வாயையும் சேத்து மூடினால் நித்திரை வரும்."

இப்படியெல்லாம் சொன்னது நான்தான். 

இரண்டாம் விடியல் கை வரச் சுணங்கியது. வந்த கை பேணியைத் தேடி நிலத்தைத் தடவியது. உள்ளங்கையில் மஞ்சள் ஏறியிருந்ததைக் கண்டேன். கையைப் பார்த்தால் தோசமில்லைத்தானே என்று கேட்டேன். பேணி மட்டும் வெறுமையாக வந்தது.

அன்று மத்தியானம் கனடாவிலிருந்து மகள் எடுத்தாள். படத்தோடு கதைக்கிற வீடியோ கோல். தாய்க்குக் கொஞ்சம் சுகமில்லை என்று சொல்லி, போனை மறைப்பின் கீழால் தள்ளிவிட்டேன். அங்காலிருந்து இரண்டு குரலும் கேட்டன.

"அம்மா, என்ன கூரை தெரியுது? உங்கட முகத்தைக் காட்டுங்கோ."

"ஓட்டைப் பாக்கிறன் பிள்ளை. ரெண்டு ஓடு விலகிக்கிடக்கு, ஒழுகுது."

"முகத்தைக் காட்டணை."

"என்ர முகத்தில என்ன புதுசாய் இருக்கு? நீ சாப்பிட்டனியோ?"

போன் திரும்பி வந்தபோது, "ஏன் காட்டேல்லை?" என்று கேட்டேன். "கண்டாளெண்டால் அங்கையிருந்து கத்தி என்னை ஆசுப்பத்திரிக்கு ஏத்திப்போடுவாள். ரெண்டு பேணி குடிச்சதும் வீணாப் போயிடும்" என்றாள். என் மருந்தைப் புல்லு என்று சொன்னவள் அதை இவ்வளவு நம்பியிருந்தாள். அது எனக்கு உள்ளே கொஞ்சம் இனித்தது. பொய் சொல்லக்கூடாது, இனித்தது.

பின்னேரம், காலையிலிருந்து சலம் போகவில்லை என்றாள். கீழ்காய்நெல்லி சலத்தைப் பிரிக்கிற இலை. அதைக் குடித்தும் போகவில்லையென்றால் ஏதோ பிழை என்று எனக்கு உறைத்தது.

"ஒருக்கா உள்ள வரட்டே?"

"நாளைக்கு ஒரு பேணிதானே மிச்சம். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"சரி" என்றேன். "பாக்கச் சகிக்காத முகம்தானே. நாளைக்குப் பாப்பம்."

மூன்றாம் விடியல் கை வரவில்லை. "வைச்சிட்டுப் போ" என்ற குரல் மட்டும் மெல்லமாக வந்தது. கோபம் என்று நினைத்தேன். முந்தின நாள் நான் குசினியில் மீன் பொரித்தேன், மணம் அங்கால் போயிருக்கும், பத்தியக்காரிக்குக் கோபம் வராதா. பேணியை வைத்துவிட்டுப் போய், முழுகுவதற்குத் தண்ணீர் சுடவைத்தேன். வேப்பிலை முறித்தேன். மஞ்சள் அரைத்தேன். பத்து மணிபோல வந்து பார்த்தால் பேணி வைத்த இடத்திலேயே இருந்தது. பாலில் எறும்பு மிதந்தது.

அப்போதுதான் மறைப்பைத் தாண்டிப் போனேன்.

முகம் ஊதிப்போய் வேறு யாரோ படுத்திருப்பது போல இருந்தது. கண்ணில் மஞ்சள் மட்டுமில்லை, இரத்தச் சிவப்பும். உதடு வெடித்திருந்தது. பாய் ஓரத்தில் வாந்தி காய்ந்துகிடந்தது. அதை ஒரு பழந்துணியால் மூடி வைத்திருந்தாள், எனக்கு மணக்கக்கூடாது என்று. கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் முழுகேல்லை" என்றாள். "ஏன் வந்தனீ?"

அயலட்டைச் சனம் ஓடிவந்து அம்புலன்சுக்கு அடித்தார்கள். யாழ்ப்பாண ஆசுப்பத்திரிக்குப் பண்ணைப் பாலத்தால் போகும்போது அவள் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். கெண்டைக்காலில் கை பட்டதும் முனகினாள். பிறகு ஆசுப்பத்திரி வரும்வரை கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு பெண் டொக்டர் வந்து பார்த்தாள். "அம்மா, வீட்டில ஏதும் நாட்டு மருந்து, இலைச்சாறு குடிச்சனீங்களோ?"

மச்சாள் அந்த நிலையிலும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "ஒண்டும் குடிக்கேல்லை" என்றாள். "கோப்பிதான்."

என்னைக் காப்பாற்றுவதற்குச் சொன்ன பொய். நானும் அந்தப் பொய்க்குள் போய் இருந்துகொண்டேன். இன்னும் இரண்டு பேர் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள், நான் சுவரைப் பார்த்தேன். ஊர் முழுக்கச் சளசளக்கிற வாய் அன்று ஒட்டிப்போனது. சிறுநீரகம் வேலை செய்யவில்லை, மெசினில் இரத்தத்தைச் சுத்தப்படுத்தப் போகிறோம் என்று பின்னேரம் அந்த டொக்டர் வந்து சொன்னபோதுதான் எழும்பினேன்.

"பிள்ளை, அவ பொய் சொல்லிப்போட்டா. நான்தான் குடுத்தனான். கீழ்காய்நெல்லி, ஆட்டுப்பாலில. ரெண்டு பேணி. மூண்டாவதை எறும்பு குடிச்சிட்டுது."

அவள் ஏசுவாள் என்று நின்றேன். ஏசவில்லை.

"இலையில பிழை சொல்லேல்லை அம்மா. என்ர அம்மாவும் மோரில அரைச்சுக் குடிக்கிறவதான். படிச்ச ஆக்களும் அதை ஆராயினம். ஆனால் கண் மஞ்சளாகிறதெல்லாம் ஒரே வருத்தமில்லை. இது எலிக்காய்ச்சல். துவக்கத்திலேயே மருந்து ஏத்தியிருக்க வேணும். மூண்டு நாள் வீணாப் போச்சுது." பேனையை மூடிவிட்டு, "முகம் வீங்கினதை ஒருத்தரும் காணேல்லையோ? பக்கத்தில ஆர் இருந்தது?" என்று கேட்டாள்.

"நான்தான் இருந்தனான்."

அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் பார்க்கிற நேரத்துக்கு விட்டார்கள். கழுத்தில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். கொஞ்சம் தெளிவாக இருந்தாள்.

"பாத்துக்கொண்டு நிக்கிறாய். உனக்கும் பிடிக்கப்போகுது."

"பிடிச்சால் எனக்கு ஆர் அரைச்சுத் தாறது?"

"நான் தாறன். அம்மா சொல்லித் தராட்டி எனக்குத் தெரியாதோ? குமராய் இருக்கேக்கையே குசினி யன்னலால பாத்து வைச்சனான்." கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு, "அந்தக் குளிசையைக் குடிச்சிருக்கலாம், என்ன?" என்றாள்.

நான் போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டேன். மறுநாள் விடிய அவள் போய்விட்டாள்.

மகள் வந்து சேரும்வரை பிரேதத்தை வைத்திருந்தோம். மாபிள் வீட்டைத் திறந்து நடு விறாந்தையில் பெட்டியை வைத்தார்கள். முகத்துக்குப் பவுடர் போட்டு மஞ்சளை மறைத்திருந்தார்கள். நான் தலைமாட்டில் இருந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டு, "மாமி, அண்டைக்கு அம்மா ஏன் கூரையைக் காட்டினவ?" என்று கேட்டாள். சொன்னேன். என் கையைப் பிடித்திருந்தவள் மெதுவாக விட்டாள். அதற்குப் பிறகு போகும்வரை தேவையானதை மட்டும் கதைத்தாள்.

செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் வேறு கதை கதைத்தார்கள். "இடையில ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகாமல் மூண்டாம் பேணியையும் பருக்கியிருந்தால் எழும்பியிருப்பா." "பின்னை. விதியை முறிச்சால் மருந்து கேக்குமோ?" என் மருந்துக்குப் பேர் கெடவில்லை, கூடிவிட்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து இரண்டு கிழமை இருக்கும். விடிகிற நேரம் அயல்வீட்டுப் பெண் தன் புருசனைக் கூட்டிக்கொண்டு வந்து படலைக்குள் நின்றாள். அவனும் வயலுக்கு இறங்குகிறவன். தலையில் துவாய், முதுகு என் பக்கம்.

"அக்கா, பருக்கை மஞ்சள்."

நான் சுற்றிக்கொண்டு போய் அவனுக்கு முன்னால் நின்று துவாயைப் பிடித்து இழுத்தேன். கண்ணைப் பார்த்தேன். குனிந்து கெண்டைக்காலை அமுக்கினேன். அவன் துள்ளினான்.

"ஐயோ அக்கா, முகத்தைப் பாத்திட்டியள். இனி ஆரிட்டைப் போறது?" என்றாள் அவள்.

"ஆசுப்பத்திரிக்குப் போ. இப்ப, இந்த உடுப்போடை."

ஓட்டோவைக் கூப்பிட்டு நானே ஏற்றிவிட்டேன். கொஞ்ச நாளில் அவன் சுகப்பட்டு வந்தான். அவள் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. மகளைக் கனடாவில் வைத்திருக்கிற மச்சாளுக்கு மூன்று நாள் அரைத்துக் கொடுத்தேனாம், வயலில் கூலிக்கு நிற்கிற அவள் புருசனை ஒரு பேணிகூடக் கொடுக்காமல் துரத்திவிட்டேனாம்.

அந்தக் கதை ஊரில் சுற்றி, பவுசர் லொறியில் வருகிற தண்ணீருக்கு வாளி வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மெய்யே அக்கா, மருந்தை விட்டிட்டியளாம்?"

"மாமி நம்பித் தந்ததை இப்பிடி விடலாமோ?"

வழக்கம் போல ஏதாவது பகிடி விடுவேன் என்று என் வாயையே பார்த்தார்கள்.

"இலையை நான் விடேல்லை" என்றேன். "வளவில நிக்குது. வேணுமெண்ட ஆள் பிடுங்கி அரைச்சுக் குடியுங்கோ. ஆசுப்பத்திரியில இரத்தம் குடுத்துப் பாத்திட்டு, அவை ஓமெண்டால் குடியுங்கோ. குடிக்கிற ஆளை விடியவும் பொழுதுபடவும் ஒராள் போய்ப் பாருங்கோ. மச்சாளை ஆசுப்பத்திரி கொல்லேல்லை. மறைப்புக்கு அங்கால அவ மூண்டு நாளாய்ச் செத்துக்கொண்டிருந்தவ. இங்கால இருந்து நான் பகிடி விட்டுக்கொண்டிருந்தனான்."